ஆஸ்பத்திரியில் குடியிருந்து கற்பவர்கள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு. மேடையில் நேரமின்மையால் விட்ட சில செய்திகளையும் சேர்த்து எழுதியது.)

 

ஆண்டுதோறும் இம்மேடைக்குத் தமிழறிஞர் ஒருவரை வரவழைத்து இலக்கியச் சொற்பொழிவு கேட்பது நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு வருவதாக இருந்த பெரியவர் உடல்நலக் குறைவால் வர இயலாமற் போகவே, அந்த அரைமணி நேரத்தை நிரப்பும் பொறுப்பைச் செயலாளர் என் தலையில் ஏற்றிவிட்டார். நான் மெட்ரிகுலேஷன் தேறியதோடு புத்தகத்தை மூடியவன். இலக்கியம் பேச எனக்கு அருகதை இல்லை. "சென்ற 2024 நவம்பரில் நாகபுரி சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றில் 11 நாள் படுத்திருந்தேன், அங்கே கண்டதைச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "ஆண்டு விழாவில் நோய்க்கதையா?" என்று முகம் சுளித்தார். நான் சொல்லப்போவது என் நோயின் கதை அன்று. அந்த நோயைத் தீர்க்கக் கற்றுக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் கதை. இக்காலனியில் டாக்டருக்குப் படிக்கவேண்டும் என்று இரவு பகலாய்ப் பாடுபடும் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருப்பதால், பெற்றோர் கேட்கத் தக்கது என்றும் நினைக்கிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். இஞ்சின் டிரைவர்கள் வேலைக்கு வரும்போது கையெழுத்திட்டு, முடிந்தபின் கையெழுத்திட்டுப் போகும் லாபியில் குமாஸ்தா. இப்போது லோகோ பைலட் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நாம் டிரைவர் என்றே வழங்குவோம். எந்த டிரைவருக்கு எந்த வண்டி, அவர் எத்தனை மணிக்கு இறங்கினார், அவருக்கு எத்தனை மணி நேர ஓய்வு பாக்கி என்று கணக்குப் பார்ப்பதே என் ஜீவனம். கம்ப்யூட்டர் வந்தபின் விரல் நோவது குறைந்தது. டெலிபோன் மட்டும் குறையவில்லை. இந்த டெலிபோன்தான் என் வியாதியை வெளிப்படுத்திற்று.

விருத்தாசலத்தை அடுத்த சிற்றூரில் பிறந்தவன் நான். ஆறு வயதில் ஆற்றில் குதித்து விளையாடிய நாளிலிருந்து என் இடக்காதில் சீழ் வடிந்தது. பாட்டி பூண்டு காய்ச்சிய எண்ணெயை விட்டாள்; பின்னர் யார் யாரோ சொட்டு மருந்து கொடுத்தார்கள். வடியும், நிற்கும், சளி பிடித்தால் மறுபடி வடியும். 40 ஆண்டு இப்படியே கழிந்தது. காது வடிவதை நம்மவர்கள் ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. சிலருக்கு மூக்குக் கோணலாய் இருப்பதுபோல் இவனுக்குக் காது வடியும் என்று விட்டுவிடுகிறோம். நாளடைவில் சீழில் துர்நாற்றம் கண்டது. இந்தியில் ஏழைக் குறிக்கும் 'ஸாத்' என்பதும் அறுபதைக் குறிக்கும் 'ஸாட்' என்பதும் எனக்கு ஒன்றாகவே கேட்கலாயின. ஒருநாள் இரவு வண்டி எண்ணைத் தவறாக வாங்கி, தவறான ஆளை எழுப்பி வரச்சொல்லிவிட்டேன். அந்த டிரைவர் நல்லவர். வந்து நின்றவர் சிரித்துவிட்டுத் திரும்பிப் போனார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மறுநாளே ரெயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்து மேற்சிகிச்சைக்காக மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

காது மூக்குத் தொண்டைப் பகுதியில் என்னை முதலில் பார்த்தவர் 28 வயதிருக்கக்கூடிய ஒரு பெண் டாக்டர். விதர்ப்பத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த மராட்டியப் பெண். 'காகா' என்றுதான் என்னை அழைப்பார். அதாவது சித்தப்பா. இரும்புக் கவை ஒன்றைத் தட்டி, ஒரு முறை காதுக்கு எதிரிலும் ஒரு முறை காதின் பின்னுள்ள எலும்பின்மேலும் வைத்து, எங்கே உரக்கக் கேட்கிறது என்று கேட்டார். எனக்கு எலும்பின்மேல் வைத்தபோதுதான் உரக்கக் கேட்டது. ஓசை காதின் நடுப்பகுதியில் தடைப்படுகிறது என்பதற்கு அஃது அடையாளமாம். பிறகு கேட்கும் திறனை அளக்கும் சோதனை, எலும்பைக் காட்டும் ஸ்கேன் ஆகியன நடந்தன. முடிவில் அவர் விளக்கிச் சொன்னது இது: காதின் நடு அறையில் இருக்கக்கூடாத தோல் புகுந்து வளர்ந்திருக்கிறது. கொலஸ்டியாட்டோமா என்று பெயர். அது புற்றுநோய் அன்று. ஆனால் சும்மா இருப்பதும் இல்லை. சுற்றியுள்ள எலும்பைக் கரையான்போல் அரித்துக்கொண்டே போகும். ஓசையைக் கடத்தும் மூன்று சிறு எலும்புகளுள் இரண்டை எனக்கு ஏற்கெனவே அரித்துவிட்டது. மேலே மூளையின் உறை. பின்னே பெரிய ரத்தக் குழாய். ஊடே முகத்தை அசைக்கும் நரம்பு. அவற்றைத் தொடுமுன் எடுத்துவிட வேண்டும்.

ஒரு சனிக்கிழமை வார்டில் சேர்ந்தேன். செவ்வாயன்று ஆபரேஷன். திங்கட்கிழமை மாலை சம்மதப் பத்திரத்தோடு அதே பெண் டாக்டர் வந்தார். "அறுப்பது யார்?" என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார்: "பேராசிரியர் பக்கத்தில் இருப்பார் காகா. தொடங்குவதும் ஒரு பகுதி எலும்பைக் குடைவதும் நான். நான் மூன்றாம் ஆண்டு ரெஸிடெண்ட்."

எனக்குச் சுருக்கென்றது. இவள் மாணவி, என் தலையெலும்பு இவளுக்குப் பாடப் புத்தகமா? "பெரியவர் அறுப்பதானால் கையெழுத்துப் போடுகிறேன், இல்லையேல் வீட்டுக்குப் போகிறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. பத்திரத்தை மடித்துக்கொண்டு போனார். இன்றைக்கும் அந்த முகத்தை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இங்கே ரெஸிடெண்ட் என்ற சொல்லைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். குடியிருப்பவர் என்பதே அதன் பொருள். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்னும் ஆஸ்பத்திரி 1889 இல் திறக்கப்பட்டது. ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் அங்கே ஒரு முறையை ஏற்படுத்தினார். பட்டம் பெற்ற இளைஞர் ஆஸ்பத்திரியிலேயே ஆண்டுக்கணக்கில் குடியிருந்து, நோயாளிகளை அல்லும் பகலும் பார்த்து, சிறு பொறுப்பிலிருந்து பெரும் பொறுப்புக்குப் படிப்படியாக ஏறவேண்டும் என்பதே அம்முறை. அதற்கு முன் இத்தகைய ஒழுங்கு அந்த நாட்டில் இல்லை. அங்கிருந்து உலகெங்கும் பரவி நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. (இதே ஹால்ஸ்டெட், உணர்ச்சியை மரக்கச் செய்யும் மருந்தாகக் கொக்கெய்னைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து அப்பழக்கத்துக்கு அடிமையாகித் துன்புற்றவர். பெரிய மனிதர்களின் வரலாற்றைப் பாதியில் நிறுத்திப் படிப்பதே நமக்குப் பழக்கமாகிவிட்டது.)

நம் நாட்டில் ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். முடித்தபின் மறுபடி ஒரு நாடு தழுவிய தேர்வு எழுதி இடம் கிடைத்தால், காது மூக்குத் தொண்டை எம்.எஸ். பட்டத்துக்கு மூன்று ஆண்டுப் பயிற்சி. அமெரிக்காவில் இத்துறைக்கு ஐந்து ஆண்டு. பெயரில் காது, மூக்கு, தொண்டை என்று மூன்றே இருந்தாலும், மூளைக்கும் கண்ணுக்கும் கீழே, மார்புக்கு மேலே உள்ள பெரும்பகுதி இவர்கள் பாடு. கழுத்துக் கட்டி, குரல்வளை, நாக்கு, கன்னம், தைராய்டு எல்லாம் இதில் வந்துவிடும். தலை கழுத்துப் புற்றுநோய் அறுவையிலே மேலும் தேர்ச்சி பெற விரும்புவோர் அதற்குப் பின்னும் மூன்று ஆண்டு படிக்கிறார்கள். கணக்குப் பாருங்கள்: பள்ளிக்கூடம் முடித்து எட்டரை ஆண்டு, அல்லது பதினொன்றரை ஆண்டு, இடையில் தேர்வுக்குக் காத்திருக்கும் காலம் தனி.

முதலாண்டில் பெரும்பாலும் வார்டு வேலை. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, காதுக் குறும்பி எடுப்பது, மூக்கில் ரத்தம் ஒழுகி வருபவருக்குத் துணிச்சுருள் திணித்து நிறுத்துவது, குழந்தை மூக்கில் போட்டுக்கொண்ட மணியை எடுப்பது, பெரியவர் அறுக்கும்போது பக்கத்தில் நின்று விலக்கிப் பிடிப்பது. கேட்பதற்குச் சில்லறை வேலைகளாகத் தோன்றும். ஆனால் விளையாட்டுப் பொருளிலுள்ள பொத்தான் போன்ற பேட்டரியை ஒரு குழந்தை விழுங்கி வந்தால், அது சில மணி நேரத்திலேயே உணவுக் குழாயை அரித்துவிடும் என்று அறிந்து, முதலாண்டுப் பிள்ளைதான் நடு இரவில் எல்லோரையும் எழுப்பவேண்டும். வேர்க்கடலை மூச்சுக் குழாயில் போன குழந்தையும் அப்படியே. பிறகு டான்சில் எடுப்பது, மூக்கின் நடுத்தண்டைச் சீர்ப்படுத்துவது. காது ஆபரேஷனில் முதலில் அறுத்துத் திறப்பதும் முடிவில் தைப்பதும். கிழிந்த செவிப்பறையை மூடுவதற்காகக் காதின் மேலுள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்துக் கொடுப்பது. அதன்பின் எலும்பைக் குடைவது. செய்ததை எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி மேலவரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றும் எழுதவேண்டும். மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் பணியாற்றவேண்டும் என்றும் இப்போது விதி இருக்கிறது.

அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தபோது எனக்கு நம் லாபி நினைவுக்கு வந்தது. உதவி டிரைவராக வேலைக்குச் சேருகிறவன் முதல் நாளே மெயில் வண்டியை ஓட்டுவதில்லை. உடன் அமர்ந்து சிக்னல் கூப்பிட்டு, யார்டில் வண்டி கோத்து, சரக்கு வண்டி ஓட்டி, பிறகே பயணிகளைச் சுமக்கிறான். புதிய தடமாயின், பழகிய டிரைவரோடு இரவிலும் பகலிலும் போய்வந்து, "இந்தத் தடம் எனக்குத் தெரியும்" என்று எழுதிக் கொடுத்த பிறகே அவனைத் தனியே அனுப்புவோம். இதை 20 ஆண்டாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த வண்டிகளில்தான் என் மனைவி மக்கள் ஊருக்குப் போய்வருகிறார்கள். "ஓட்டுபவன் புதியவன், இறங்கிவிடு" என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆயினும் என் காது என்றவுடன் அந்த அறிவு எங்கோ போய்விட்டது.

திங்களிரவுக்கு வருகிறேன். என் கட்டிலுக்கு மூன்றாவது கட்டிலில் ஒரு கிழவர், குரல்வளையில் புற்று. மூச்சு விடும்போது விசில்போல் ஓசை வரும். இரவு 2 மணி இருக்கும். அந்த ஓசை உரத்தது. பின்னர் திடீரெனச் சிறுத்தது. கிழவர் எழுந்து உட்கார்ந்து இரு கைகளாலும் கட்டிலைப் பற்றிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார். நர்ஸ் ஓடினாள். அரை நிமிஷத்தில் அந்தப் பெண் டாக்டர் வந்தார். பின்னால் முதலாண்டுப் பையன் ஒருவன். ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோக நேரமில்லை. மேலவருக்கு டெலிபோனில் இரண்டே வார்த்தை சொன்னார். திரையை இழுத்தார்கள், முழுதும் மறையவில்லை. கிழவரின் தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தை நிமிர்த்தி, விரலால் தடவி இடம் பார்த்து, கழுத்தின் நடுவே மூச்சுக் குழாயைத் திறந்து ஒரு குழலைச் செருகினார். ஒரு பெரும் இருமல் கேட்டது. பிறகு சீராக மூச்சு வந்தது. பேராசிரியர் காரிலிருந்து இறங்கி வார்டுக்குள் நுழைந்தபோது கிழவர் கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் குழலைச் சோதித்துவிட்டுத் தலையசைத்தார், அவ்வளவே. அந்தப் பெண் சுவரோரமிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் கை அப்போதுதான் நடுங்கிற்று.

எனக்கு உறக்கம் போய்விட்டது. என் தொழில் புத்தி கணக்குப் போடத் தொடங்கிற்று. இவர் திங்கட்கிழமை காலை 8 மணிக்கு வார்டில் நின்றதை நான் பார்த்தேன். இப்போது இரவு 2 மணி. 18 மணி நேரம் ஆயிற்று. விடிந்து செவ்வாய் 8 மணிக்கு ரவுண்டில் நிற்பார், 24. அதன்பின் எனக்கு ஆபரேஷன் நடந்திருந்தால் என் எலும்பைக் குடைந்திருப்பார். அன்று அவர் விடுதிக்குப் போனது மாலை 4 மணிக்கு என்று பின்னர் தெரிந்துகொண்டேன். ஆகமொத்தம் 32 மணி நேரம். நம் டிரைவர்களுக்கு 8 மணியோ அதற்கு மேலோ வேலை பார்த்து ஊர் திரும்பினால் 16 மணி நேர ஓய்வு விதிக்கப்பட்டிருக்கிறது. ஓய்வு முடியாத ஆளை அழைத்தால் என்னைக் கேள்வி கேட்பார்கள். விபத்து நடந்துவிட்டால் முதலில் கைப்பற்றுவது என் பதிவேட்டைத்தான். சத்தியமாகச் சொல்லுகிறேன், 18 மணி நேரம் விழித்திருந்த டிரைவருக்கு நான் ஒரு காலி ரேக்கைக்கூடக் கொடுக்கமாட்டேன்.

இவர்களுக்கு விதி இல்லையா என்றால், இருக்கிறது. மத்திய அரசின் 1992 ஆம் ஆண்டு ரெஸிடென்ஸித் திட்டத்தில், சாதாரணமாகத் தொடர்ந்து 12 மணிக்கு மேலும் வாரத்துக்கு 48 மணிக்கு மேலும் வேலை வாங்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2023 இல் வெளியிட்ட முதுநிலைப் படிப்பு விதிகளிலோ, நியாயமான வேலை நேரமும் நியாயமான ஓய்வும் தரவேண்டும் என்று இருக்கிறது. நியாயமான என்றால் எத்தனை மணி? ரோஸ்டர் எழுதுபவனுக்கு அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை; அவனுக்கு எண் வேண்டும். அமெரிக்காவில் 1984 இல் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் ஓர் இளம்பெண் இறந்துபோக, ஓய்வின்றி உழைத்த பயிற்சி டாக்டர்களின் நிலையைப் பற்றி அவள் தந்தை ஊரைக் கூட்டினார். நியூயார்க் மாகாணம் 1989 இலும், நாடு முழுதும் 2003 இலும், வாரத்துக்கு 80 மணி என்று வரம்பு கட்டினார்கள். 80 என்பதே அதிகம். ஆனால் அஃது ஓர் எண்.

ஆள் குறைந்தால் இருப்பவர் தலையிலேயே எல்லாம் விழுகிறது என்பதை நாம் 2021 இல் கண்டோம். கோவிட் இரண்டாம் அலைக்குப் பின் கறும்பூஞ்சை நோய் பரவியபோது, நம் மஹாராஷ்டிரத்தில் அதனால் வருந்தியவர்கள் மிகப் பலர். மூக்கின் உள்ளறைகளைத் திறந்து அழுகிய பகுதியைச் சுரண்டி எடுக்கும் வேலை பெரும்பாலும் இத்துறையினரின் கையில் விழுந்தது. அதே ஆண்டில் முதுநிலை நுழைவுத் தேர்வு செப்டம்பருக்குத் தள்ளிப் போயிற்று. இடம் ஒதுக்குவதோ 2022 ஜனவரியில்தான் தொடங்கிற்று. முதலாண்டுப் பிள்ளைகளே இல்லாமல் இரண்டு வகுப்புக்காரர்கள் மூன்று வகுப்பு வேலையைச் செய்தார்கள். டில்லியில் அவர்கள் தெருவுக்கு வந்து முறையிட்டது பத்திரிகையில் வந்தது. நாம் அதைப் படித்துவிட்டு, "டாக்டர்களே ஸ்டிரைக் செய்கிறார்களே" என்று பேசிக்கொண்டோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவில், நீண்ட பணியின் நடுவே இளைப்பாறச் சென்ற ஒரு முதுநிலைப் பயிற்சிப் பெண் டாக்டர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே கொலையுண்டார். அது நடந்து மூன்று மாதம் கழித்து நான் இந்த வார்டில் படுத்திருந்தேன். இரவில் இந்தப் பெண் அடுத்த கட்டடத்துக்குப் போகவேண்டி வந்தால், வார்டு ஆயா சொல்லாமலே துணைக்கு எழுந்து நடப்பாள். குடியிருந்து கற்கவேண்டுமென்று வைத்துவிட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஓர் ஓய்வறைகூட இல்லை என்றால், அந்தச் சொல்லுக்கே என்ன பொருள்?

செவ்வாய் காலை பேராசிரியர் பரிவாரத்தோடு என் கட்டிலுக்கு வந்தார். "சம்மதிக்கவில்லையாமே?" என்றார். நான் எழுந்து உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்: "சம்மதிக்கிறேன் ஐயா. இந்தப் பெண்ணே அறுக்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை. இவர் தூங்கிவிட்டு வந்து அறுக்கவேண்டும்."

பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணை ஒருமுறை பார்த்தார். "நானும் இப்படித்தான் படித்தேன்" என்றார். அதைப் பெருமையாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு சீட்டை வாங்கிச் செவ்வாய் என்பதை அடித்து வெள்ளி என்று எழுதினார். வியாழன் இரவு அவருக்கு இரவு வேலை இல்லை என்று முதலாண்டுப் பையன் என் காதருகில், நல்ல காதருகில்தான், வந்து சொல்லிவிட்டுப் போனான்.

இடைப்பட்ட நாட்களில் அந்தப் பெண்ணோடு பேச வாய்த்தது. என் மேல் மனத்தாங்கல் ஏதும் அவரிடம் இல்லை. காதெலும்பைக் குடையக் கற்பது எப்படி என்று கேட்டேன். கல்லூரியில் அதற்கென்று ஓர் அறை உண்டாம். இறந்தவர்களின் காதெலும்பை ஒரு கிண்ணத்தில் இறுக்கி வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே, தண்ணீர் சொட்டச் சொட்டச் சிறு கருவியால் குடைந்து பழகுவார்களாம். மறைந்திருக்கும் முக நரம்பை அறுக்காமல் அதன்மேலுள்ள எலும்பை முட்டை ஓட்டின் உட்தோல்போல் மெல்லியதாக்கிக் காட்டவேண்டும், அதுதான் பாடம். கைப்பேசியில் படம் காட்டினார். ஓசை கடத்தும் மூன்று எலும்புகளுள் கடைசியானது நம் உடம்பிலேயே மிகச் சிறியது, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், நெல்லைவிடச் சிறிது. முதல் எலும்பில் நரம்பைக் கருவியால் வெட்டிவிட்டதாகவும், அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை என்றும் சொன்னார். "இறந்தவர்தானே அம்மா?" என்றேன். "அவரும் யாரோ ஒருவருக்குக் காகாதானே" என்றார். தங்கள் உடம்பைக் கல்லூரிக்கு எழுதி வைத்துவிட்டுப் போனவர்களை, நல்ல டாக்டர் வேண்டும் என்று கேட்கிற நாம் ஒருபோதும் நினைப்பதில்லை.

எதிர்க் கட்டிலில் 38 வயதுத் தொழிலாளி, கன்னத்தில் புற்று. கர்ரா மென்ற வாய். பாக்கையும் புகையிலையையும் சுண்ணாம்பையும் பிளாஸ்டிக் தாளில் வைத்துத் தேய்த்துத் தருகிறார்களே, அதுதான். இந்த ஊருக்கு வந்தபின் நம் காலனிப் பையன்களும் கற்றுக்கொண்ட வித்தை. மஹாராஷ்டிர அரசு 2012 இல் குட்காவைத் தடை செய்தது. தேய்த்துத் தரும் கையை யார் தடை செய்வது? அவருக்குக் கன்னத்தையும் தாடையில் ஒரு பகுதியையும் எடுத்து, உடம்பின் வேறிடத்துத் தசையை ரத்தக் குழாயோடு கொண்டுவந்து வைத்துத் தைத்திருந்தார்கள். ஒட்டவைத்த தசை கறுக்கிறதா, வெளிறுகிறதா என்று மணிக்கொரு தரம் பார்க்கவேண்டும். தாமதித்தால் அத்தனை உழைப்பும் வீண். இரவெல்லாம் டார்ச் விளக்கோடு வந்து பார்த்தவன் அந்த முதலாண்டுப் பையன். அதே பையன் எங்கள் எல்லோரையும் ஒருநாள் வாயைத் திறக்கச் சொல்லி, மூன்று விரலை நிமிர்த்தி நுழைகிறதா என்று பார்த்தான். பாக்கு மெல்லுபவர்களுக்கு வாயின் உட்தோல் தடித்து இறுகி, வாய் வரவரக் குறுகும். மூன்று விரல் இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். என் விரல் மூன்றும் நுழைந்தன. அடுத்த கட்டில்காரருக்கு ஒன்றரைதான்.

வெள்ளிக்கிழமை எனக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை; காதைச் சுற்றி மரக்க ஊசி போட்டுவிட்டுச் செய்தார்கள். ஆகையால் எல்லாம் கேட்டது. எலும்பைக் குடையும் ஓசை, தலைக்குள்ளேயே ஒரு சரக்கு வண்டி பாலத்தைக் கடப்பதுபோல் இருந்தது. பேராசிரியர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் இருந்து, அவர் பார்ப்பதையே திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். "மெதுவாக." "தண்ணீர்." "இன்னும் கொஞ்சம் பின்னே." நெடுநேரம் இவ்வளவே பேச்சு. பிறகு ஓரிடத்தில் வண்டி நின்றது. "ஆதா மீ கரதோ" என்றார் பேராசிரியர். இனி நான் செய்கிறேன் என்று பொருள். ஆசனம் மாறும் ஓசை கேட்டது. நரம்பின் பக்கத்திலிருந்த தோலை எடுத்தது அவர். அரைமணி கழித்து மீண்டும் ஆசனம் மாறிற்று. மூடித் தைத்தது அந்தப் பெண். எந்த இடத்தில் கொடுக்கவேண்டும், எந்த இடத்தில் வாங்கவேண்டும் என்று அறிந்த அந்தப் பெரியவரிடம் எனக்கு அப்போது உண்டான மரியாதையைச் சொல்லில் அடக்க முடியாது. கற்றுக்கொடுப்பவர் பக்கத்தில் இல்லாத இடத்தில் என்னை யாரும் அறுக்கக்கூடாது என்ற என் பழைய பயத்தில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு என்று இப்போதும் சொல்லுவேன்.

முடிந்தவுடன் அந்தப் பெண் என் முகத்துக்கு நேரே குனிந்து, "காகா, கண்ணை இறுக மூடுங்கள், பல்லைக் காட்டுங்கள்" என்றார். முக நரம்பு பிழைத்ததா என்று பார்ப்பதற்காம். நான் எல்லாப் பல்லையும் காட்டினேன். முகக் கவசத்துக்கு மேலே அவர் கண் சிரித்தது. அந்த நோட்டுப் புத்தகத்தில் அன்றைக்கு ஒரு வரி ஏறியிருக்கும்; என் பெயரல்ல, ஒரு நோயாளி எண்.

எனக்கு முழுதும் கேட்கிறதா என்று பலர் விசாரிக்கிறீர்கள். இல்லை. அரித்துப்போன எலும்பு அரித்துப்போனதுதான். அந்தக் காதுக்குக் கருவி வைத்திருக்கிறேன். சீழ் நின்றது, நாற்றம் நின்றது, மூளைக்குப் போகவிருந்தது போகவில்லை. 30 ஆண்டு முன்னே போயிருந்தால் கேட்கும் திறனில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும் என்றார்கள். குடைந்த இடத்தைச் சுத்தம் செய்ய இன்னமும் போய்வருகிறேன். அந்தப் பெண் தேர்வு எழுதிப் பட்டம் பெற்று இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார். அன்றைய முதலாண்டுப் பையன்தான் இப்போது எனக்குக் காது பார்க்கிறான். சென்ற முறை கவையைத் தட்டி வைக்கும்போது கொட்டாவி விட்டான். "எத்தனை மணி ஆயிற்று?" என்றேன். "26, காகா" என்றான்.

நம் காலனியில் காது வடியும் குழந்தைகள் நால்வர் இருப்பது எனக்குத் தெரியும், பெயர் சொல்லமாட்டேன். கர்ரா போடும் பையன்கள் யார் யார் என்பதும் தெரியும். அவர்கள் இன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் மூன்று விரலை வைத்துப் பார்க்கட்டும். வருகிற செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வு நாள். காலை 8 மணிக்குக் காலனி வாயிலில் நிற்பேன். வருபவர்களை அழைத்துப்போய்ச் சீட்டு எடுத்துக் காட்டிவிட்டு மதியத்துக்குள் திரும்பலாம். பார்ப்பவர் இளம்பிள்ளையாய் இருப்பார். நாலு சப்பாத்தி கூடுதலாய்க் கட்டிக்கொண்டு வாருங்கள். அவர்கள் அநேகமாகக் காலையில் சாப்பிட்டிருக்கமாட்டார்கள்.